பாம்புக்கு வீடு பார்த்த கோடை

மலையில் தீப்பிடித்த அந்தக் கோடையில் எங்கள் ஹவுசிங் போர்டு சி பிளாக் மொத்தமும் ஒரு நாகப்பாம்புக் குட்டிக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்தது. என் மகள் ஷைனிக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இத்தனை பேர் இத்தனை யோசனை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னவர்களும் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். பாம்பு விஷயத்தில் யாரும் கிளம்பவில்லை.

குட்டி எங்களிடம் வந்த கதை பெருமைப்படும்படியாக இல்லை. மாடிப்படிக்குக் கீழே மோட்டார் ரூமில் எலித் தொல்லை என்று என் வீட்டுக்காரர் சவரி பசை தடவிய அட்டை ஒன்றை வாங்கி வைத்தார். அதில் பல்லி விழுந்தது, கரப்பான் விழுந்தது, ஒருமுறை என் செருப்பு விழுந்தது, எலி மட்டும் விழவில்லை. ஒரு நாள் காலையில் மோட்டார் போடப் போனால், பென்சில் தடிமனில், ஒன்றரைச் சாண் நீளத்தில், ஒரு நல்லபாம்புக் குட்டி அந்த அட்டையில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, நகர முடியாத உடம்புக்கு மேல் தலையை மட்டும் தூக்கிப் படமெடுத்து நின்றது. படம் என் கட்டைவிரல் அகலம்தான். கோபம் மட்டும் மூன்று மாடி உயரம்.

என் வீட்டுக்கு நேர் கீழே குடியிருந்த எட்வின் சாரைக் கூப்பிட்டேன். காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், நாகர்கோவில்காரர், மனைவி ஹெலன் இறந்துபோன பிறகு யார் வீட்டுப் படியும் ஏறாதவர். பாம்பு என்றதும் பனியனோடு வந்தார்.

"குட்டிதானேன்னு கிட்டப் போகாதீங்கம்மா. முட்டைய விட்டுத் தலைய நீட்டுறப்பவே அதுக்கு விஷம் உண்டு."

நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வளைத்த கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து, அவர் அதை விடுவித்தபோது ஒரு பக்கத் தோல் அட்டையிலேயே நின்றுவிட்டது. இந்த நிலையில் வெளியே விட்டால் எறும்பு தின்றுவிடும், அடுத்த சட்டை உரித்தால்தான் பிழைக்கும் என்றார். வனத்துறைக்குப் போன் போட்டோம். "மொத்தப் பேரும் தீயணைக்க மலையில நிக்கிறோம், சார் கூட இருக்காருன்னா பத்திரமா ஒரு பெட்டியில வைங்க, தீ அடங்கினதும் வந்து வாங்கிக்கிறோம்" என்று அங்கிருந்து சொன்னார்கள். மாடியில் ஏறிப் பார்த்தால் மலை புகைந்துகொண்டுதான் இருந்தது.

"என்ன மாதிரிப் பெட்டி சார்?" என்றேன்.

"சின்னப் பாம்புக்குச் சின்ன வீடு. பெரிய இடம் குடுத்தா பயந்துபோய்ச் சாப்பிடாது. காத்து போகணும், தலை போகக்கூடாது. தரை காய்ஞ்சிருக்கணும். ஒளிஞ்சுக்க ஒரு சிரட்டை, குடிக்க ஒரு மூடி தண்ணி. அவ்வளவுதான் அதுக்கு உலகம்."

சிரட்டை என்றால் எங்கள் ஊர் கொட்டாங்குச்சி. பெட்டி கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று அப்போதைக்குக் கைக்கு அகப்பட்ட ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்தேன். மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, குட்டியை இறக்கி, என் சமையலறை மேடையில் வைத்துவிட்டு அவர் கை கழுவப் போனார்.

கொஞ்ச நேரத்தில் சமையலறைக்குள் மண்ணெண்ணெய் ஸ்டவ் பம்ப் அடிக்கிற சத்தம் கேட்டது. அந்த ஸ்டவ்வைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டு எத்தனையோ வருஷம். பிறகு, தண்ணீர் விடாமல் வாயில் போட்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற ஹார்லிக்ஸ் பொடியின் வாசனை வந்தது. பிறகு, கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிற என் மகள், கான்வென்ட் யூனிஃபார்ம் மொடமொடப்போடு என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, மூன்றாம் வகுப்புக் குரலில், "சிக்ஸ்டீன் செவன்ஸ் ஆர்..." என்று வழக்கம்போல் அந்த இடத்தில் நின்றாள்.

"ஹண்ட்ரட் அண்ட் ட்வெல்வ்" என்றேன், திரும்பாமலே.

சவரி எட்டிப் பார்த்தார். "ஷைனி எப்ப வந்தா?"

"அவ வரல. பாட்டில்ல பாம்பு இருக்கு."

"ஓ" என்றுவிட்டு அவர் பேப்பர் படிக்கப் போனார்.

அந்தக் குட்டியை எந்தப் பாத்திரத்தில் வைத்தாலும், அந்தப் பாத்திரம் அதிகமாகப் புழங்கிய காலம் வாசனையாகவும் சத்தமாகவும் வெளியே வந்து நிற்கும் என்பது அன்றைக்கே பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஏன், எப்படி என்று யாரும் கேட்கவில்லை, அதற்கெல்லாம் யாருக்கு நேரம், எப்போது எங்கள் வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்றுதான் கேட்டார்கள். பங்குச் சாமியார் வந்து பார்த்தார், திருச்சபையில் இதற்கு ஆதரவாகவும் ஒன்றுமில்லை எதிராகவும் ஒன்றுமில்லை, மூடியை மட்டும் நன்றாக இறுக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பிளாக்கில் யார் வீட்டிலும் வெறும் பாத்திரம் என்று ஒன்று கிடையாது. டம்ளர் வாங்கினாலும் கடையிலேயே பேர் வெட்டி, யார் கொடுத்தது, எந்த விசேஷத்துக்கு, எந்தத் தேதியில் என்று புள்ளி புள்ளியாகக் குத்தி, முதலில் ஒரு பிடி சர்க்கரை போட்டுத்தான் வீட்டுக்குள் எடுப்போம். அடுத்த வீட்டுப் பாத்திரம் நம்மிடம் வந்தால் வெறுமனே திருப்பக்கூடாது, நாலு பச்சைமிளகாயாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். இப்படி ஒவ்வொரு பாத்திரமும் ஒரு ஊர்க்கதையைச் சுமந்துகொண்டு பரணில் கவிழ்ந்து கிடக்கிற இடத்தில், "ஒரு சின்னப் பெட்டி வேணும்" என்று எட்வின் சார் கேட்டால் என்ன நடக்கும்? புதிதாக ஒன்று வாங்க யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் இத்தனை கிடக்கும்போது பாம்புக்கென்று காசு கொடுத்து வாங்குவதா என்ன.

முதலில் இரண்டாம் மாடி ரஹ்மத் பீவி பிரியாணி ஆக்குகிற தன் கல்யாண தேக்சாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். குட்டியைப் போல நூறு குட்டிகள் புரளலாம், அத்தனை பெரியது.

"சின்ன வீடுன்னு சார் சொன்னாரேக்கா" என்றேன்.

"எங்க வீட்டுக்கு வர்றது கஷ்டப்பட்டு ஒடுங்கிக் கிடக்கணுமா புளோரா? காலை நீட்டிப் படுக்கட்டும்."

"அதுக்கு ஏதுக்கா காலு?"

தேக்சாவின் வாயில் கொசுவலைத் துணியை இறுக்கிக் கட்டியதும், பட்டையும் கிராம்பும் நெய்யும் ஒரு பெரிய கூட்டத்தின் பேச்சுச் சத்தமும் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தன. எண்பதுகளில் நடந்த ஒரு வலீமா கல்யாண விருந்தின் நடுவில் அன்று நாங்கள் எல்லோரும் தயிர்சாதம் சாப்பிட்டோம். பிளாக்கே பசியால் தவித்தது. ரஹ்மத் பீவியின் வாப்பா, இறந்து எத்தனையோ காலமானவர், "எல்லாருக்கும் வச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பீவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் "வச்சாச்சு வாப்பா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு பேங்க்கில் வேலை பார்த்த கோதண்டம் தன் தோல் பையைக் கொண்டுவந்தார். அதில் குட்டியை வைத்ததும் படிக்கட்டில் போன வந்த எல்லோருக்கும் எதற்கோ தாமதமாகிவிட்டதுபோல் கால் தானாக வேகமெடுத்தது. பால்காரர் பாலை வைத்துவிட்டு ஓடினார். கோதண்டம் மட்டும் பதவி உயர்வு வந்ததுபோல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு வளர்மதி, இருக்கிற புத்தியையெல்லாம் கூட்டி, செத்துப்போன மாமியாரின் வெற்றிலைச் செல்லத்தைக் கொண்டுவந்தாள்.

"வேற டப்பா இல்லையாடி உனக்கு?"

"இதுதான்க்கா அளவா இருக்கு."

செல்லத்தின் மூடியை மூடி நாடா கட்டுவதற்குள், புகையிலைக் காரலோடு ஒரு குரல், "வாசல் தெளிக்கிற லட்சணமா இது? நாய் மூத்திரம் பேஞ்சாப்ல" என்றது. வளர்மதி வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், செல்லத்தை நீட்டிய கையில் ஏந்திக்கொண்டு எட்வின் சார் வீட்டுக்கே ஓடிவிட்டாள். அன்று சாயங்காலம் அவள் வாசலை மறுபடி ஒருமுறை தெளித்ததை நான் பார்த்தேன். கேட்டால் தூசி என்பாள்.

பாத்திரம் மாற்றுகிற வேலை எப்போதும் எட்வின் சாருடையதுதான், வேறு யாரையும் அவர் விடவில்லை. ஆனால் மாற்றி வைத்துவிட்டு அவர் திரும்பியதும், வீட்டுக்கு வந்த விருந்தாளியை வெறும் வயிற்றோடு வைப்பதா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கரண்டி பால் ஊற்றினார்கள். பாம்பு பால் குடிக்காது என்று அவர் படியேறி இறங்கிச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டிவிட்டு ஊற்றினார்கள். தேக்சாவில் குட்டி ஒளிய இடமில்லாமல் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, தோல் பையில் வெந்தது, செல்லத்தில் ஈரத்தில் கிடந்தது. போட்ட பல்லிக்குட்டியை ஒரு வீட்டிலும் தொடவில்லை.

"இது வீடு இல்லம்மா, பொருட்காட்சி. இனி எங்கிட்டயே இருக்கட்டும்" என்று எட்வின் சார் ஒரு நாள் குட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். நல்லதாயிற்று, படித்தவர், சரியான பெட்டியில் வைப்பார் என்று நினைத்தேன். அவர் வைத்தது ஹெலனின் நீல பிஸ்கெட் டின்னில்.

ஹெலனைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. எங்கள் பிளாக்குப் பிள்ளைகள் போன கான்வென்ட்டில், நான் படித்த அதே கான்வென்ட்டில், யூனிஃபார்மில் ஒரு பட்டன் குறைந்தால் சிஸ்டர் வெளியே நிறுத்துவார். காலை எட்டு மணிக்குப் பிளாக்கில் பட்டன் தெறித்த பிள்ளைகள் எல்லாம் ஹெலன் வாசலில் நிற்கும். அந்த வட்ட டின்னைத் திறந்து, உள்ளங்கையால் பட்டன்களைக் கிளறி, "எங்கடே ஒளிஞ்ச, வாடே வெளிய" என்று பட்டனோடு பேசிக்கொண்டே தேடுவாள். கிடைத்ததும் பிள்ளையை நிற்க வைத்தபடியே தைத்து, நூலைப் பல்லால் கடிப்பாள். அந்தக் கிளறுகிற சத்தம், கூழாங்கல்லில் தண்ணீர் ஓடுகிற மாதிரி, எங்கள் இரண்டு சமையலறைக்கும் பொதுவான குழாய்ச் சந்து வழியாக மேலே என் வீடுவரை வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மணி எட்டு.

அவள் போன பிறகு எனக்கு மணி எட்டே ஆனதில்லை. குட்டி அந்த டின்னுக்குள் போன சாயங்காலம் குழாய்ச் சந்து வழியாகச் சத்தம் ஏறி வந்தது. தையல் மெஷின் எண்ணெய் வாசனை, பவுடர் வாசனை, பட்டன் கிளறுகிற சத்தம், "எங்கடே ஒளிஞ்ச." நான் அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி, சந்துச் சன்னலில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது, குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரைகூட நிற்க மாட்டேன். அன்றைக்கு நின்றேன். மறுநாளும் நின்றேன். அதற்கடுத்த நாளும்.

எட்வின் சார் கதவைச் சாத்திவிட்டார். "அடுத்தது யார் வீட்டுக்கு சார்?" என்று வந்தவர்களுக்குச் சன்னல் வழியாகவே பதில் சொன்னார். பாவம், தனியாளாக இருக்கிறார், விட்டுவிடுங்கள் என்று ரஹ்மத் பீவியே சொல்லிவிட்டார். நானும் விட்டுவிட்டிருப்பேன். ஆனால் ஒரு நாள், மேலே நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. ஹெலன் இத்தனை நேரம் தேடவே மாட்டாள். இரண்டு கிளறு, ஒரு "வாடே வெளிய", பட்டன் கையில் இருக்கும். இவள் விடிந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள்.

கீழே போய்க் கதவைத் தட்டினேன்.

"அது சாப்பிட்டுச்சா சார்?"

"இன்னைக்குச் சாப்பிடும்."

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க. திறங்க, பாக்கணும்."

திறந்தார். மேசைமேல் சன்னல் வெயிலில் டின் இருந்தது. மூடியில் அவர் ஓட்டைகூடப் போடவில்லை, அவள் டின்னில் ஆணி அடிக்க மனம் வரவில்லையாம், ஒரு ஓரத்தைத் துணியால் தூக்கி வைத்துக் கட்டியிருந்தார். கம்பியால் மூடியை நெம்பிக் காட்டினார். குட்டி படமெடுக்கவில்லை. முதுகெலும்பு கோடாகத் தெரிந்தது. உரிந்த பக்கம் காயாமல் பளபளத்தது. சட்டை உரிக்கப் போகிற பாம்புக்குக் கண் பால் நிறமாகும் என்று அவர்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார், இதன் கண்ணில் ஒரு மாற்றமும் இல்லை.

"சார், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. இப்படியே போனா இது செத்துரும்."

"தெரியும்." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னும் ஒரு நாள் புளோரா. அவ என் நீலச் சட்டைக்குப் பட்டன் தேடிட்டு இருக்கா. கிடைச்சுட்டா அவளே நிறுத்திருவா. அப்புறம் எடுத்துக்கங்க."

"கிடைக்காது சார்."

அவர் என்னைப் பார்த்தார்.

"பட்டனையெல்லாம் கொட்டிட்டுத்தானே பாம்பை உள்ள வச்சீங்க. அவ வெறும் டின்னுல தேடுறா."

டின்னுக்குள் கை கிளறிக்கொண்டே இருந்தது. "எங்கடே ஒளிஞ்ச, எங்கடே ஒளிஞ்ச" என்றாள், கொஞ்சம் களைத்த மாதிரி இருந்தது குரல். எட்வின் சார் மூடியை அழுத்தி, துணியைச் சரிபார்த்துக் கட்டி, டின்னை ஒரு வாளிக்குள் இறக்கி, வாளியோடு என் பக்கம் தள்ளினார்.

"சீக்கிரம் போம்மா" என்றார்.

நான் வாளியை மோட்டார் ரூம் நிழலில் வைத்துப் பூட்டிவிட்டு நேராகப் பாத்திரக்கடைக்குப் போனேன். இறுக்கமாக மூடுகிற, இரண்டு பக்கமும் கொக்கி உள்ள, அடுத்த பக்கம் தெரிகிற ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா எடுத்தேன்.

"பிளாஸ்டிக்குல பேர் வெட்ட முடியாதேக்கா" என்றார் கடைக்காரர்.

"பேரே வேண்டாம்."

"என்ன போடப் போறீங்க?"

"ஒண்ணும் போடல."

சர்க்கரைகூடப் போடாமல் ஒரு புதுப் பாத்திரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சூடு காட்டிய ஊசியால் நாலு பக்கமும் ஓட்டை போட்டேன். அடியில் காகிதம் விரித்தேன், உடைந்த கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தேன், ஒரு மூடித் தண்ணீர் வைத்தேன். எட்வின் சார் வந்து கம்பியால் குட்டியைத் தூக்கி உள்ளே விட்டுக் கொக்கிகளை மாட்டினார். அது கொட்டாங்குச்சிக்குள் போய்ச் சுருண்டுகொண்டது.

நாங்கள் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. வாசனை இல்லை, சத்தம் இல்லை, யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. ஒரு டப்பா, அதில் ஒரு பாம்பு, அவ்வளவுதான். பிளாக் முழுக்க வந்து பார்த்துவிட்டு, ஏதோ என்னால்தான் சீரியல் நின்றுவிட்ட மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஷைனி குரலை இன்னொரு தடவை கேட்கலாமே என்று சவரிகூட ஹார்லிக்ஸ் பாட்டிலைத் துடைத்துக் கொண்டுவந்து மேடையில் வைத்தார். எடுத்து உள்ளே வைத்தேன். அவர் மறுபடி கொண்டுவந்து வைத்தார். மறுபடி எடுத்து வைத்தேன்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, போட்ட பல்லிக்குட்டியைக் காணோம்.

"சார்" என்று சந்து வழியாகக் கத்தினேன்.

"தின்னுட்டுதா?" கீழேயிருந்து உடனே பதில் வந்தது. அவரும் சந்துப் பக்கமே நின்றிருக்கிறார், எதைக் கேட்கவோ.

பிறகு கண் பால் நிறமானது, பிறகு தெளிந்தது, பிறகு ஒரு காலையில் கொட்டாங்குச்சி விளிம்பில் உரசி, மூக்கிலிருந்து வால்வரை ஒரே சட்டையாக உரித்துப் போட்டுவிட்டு, எண்ணெய் தடவின மாதிரிப் புதுசாக, என்னைப் பார்த்துப் படமெடுத்துச் சீறியது. நன்றி என்பதெல்லாம் அதனிடம் கிடையாது, எனக்கு அது பிடித்தது. மலையில் புகை அடங்கி வனத்துறை ஜீப் வந்தபோது பிளாக்கே படிக்கட்டில் நின்றது. ரஹ்மத் பீவி "காலை நீட்டிப் படுத்துக்கப்பா" என்றார். எட்வின் சார் ஜீப்பில் ஏறி, பாறை இடுக்கில் அது போவதைப் பார்த்துவிட்டு, வெறும் டப்பாவோடு திரும்பினார்.

ஆனால் அவருடைய டின் என்னிடம் இருந்தது. வெறுமனே திருப்பக்கூடாது. பாயசம் ஊற்றி அனுப்பவா முடியும் அதில்? கழுவித் துடைத்து, காதருகே வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. கடைசியில் அந்தப் பாம்புச் சட்டையை, கிழியாமல் சுருட்டி, உள்ளே வைத்து மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என் முன்னால் திறக்கவில்லை. "வாங்கம்மா" என்றும் சொல்லவில்லை. கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் பேப்பரில் கட்டிய ஒரு பொட்டலத்தோடு படியேறி வந்தார். ஹெலன் போன பிறகு, பாம்பு காரியம் இல்லாமல் அவர் மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"டின்னுல இனி இதைப் போட முடியாதும்மா. அதுல ஆள் இருக்கு."

பொட்டலத்தைப் பிரித்தால் பட்டன்கள். யூனிஃபார்ம் வெள்ளைப் பட்டன், கோட்டுப் பட்டன், சிப்பிப் பட்டன், ஷைனியின் மூன்றாம் வகுப்பு நீல பினஃபோர் பட்டன் ஒன்றுகூட இருந்தது. எதில் போடுவது என்று சுற்றிப் பார்த்தேன். பேர் இல்லாத டப்பா ஒன்றுதான் வீட்டில் காலியாக இருந்தது. கொட்டினேன். கூழாங்கல்லில் தண்ணீர் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவர் நின்று கேட்டார். பிறகு காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

டப்பா இப்போதும் என் சமையலறை மேடையில், சந்துச் சன்னலை ஒட்டி இருக்கிறது. தினமும் காலை எட்டு மணிக்கு, வேலையோடு வேலையாக, உள்ளங்கையால் ஒரு கிளறு கிளறிவிடுவேன். எனக்கு ஒன்றும் அதில் ஆசையில்லை, அடியில் கிடக்கிற பட்டன் துருப்பிடிக்கும் என்றுதான். மறந்துபோகிற நாளும் உண்டு, எனக்கு ஆயிரம் வேலை. அப்படி மறந்த நாளுக்கு மறுநாள் எட்வின் சார் ஒரு சட்டையோடு வாசலில் நிற்பார்.

"ஒரு பட்டன் தெறிச்சுப் போச்சும்மா."

சட்டையை வாங்கிப் பார்ப்பேன். பட்டன் இருந்த இடத்தில் நூல், கத்தரியால் வெட்டிய மாதிரி, சீராக இருக்கும். "பாத்துப் போடக்கூடாதா சார், வயசான காலத்துல என்ன அவசரம்" என்று இரண்டு வார்த்தை திட்டுவேன். பிறகு டப்பாவைத் திறப்பேன். அவருக்கு வேண்டிய பட்டன் எப்போதும் மேலேயே, கண்ணுக்கு நேராகக் கிடக்கும். அதைத் தொடாமல், கையை அடிவரை விட்டு, தேடிக்கொண்டே இருப்பேன்.